நாலு லீற்றர் இல்லறம்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளிற் புதுமணத் தம்பதியரைப் பற்றி வெளிவரும் சித்திரங்களை நாம் தவறாது படித்து வருபவர்கள். அவற்றில் வரும் தம்பதியர் பெரும்பாலும் கொழும்பிலோ சென்னையிலோ வாழ்கிறார்கள். மாலையானதும் காலிமுகத் திடலிலோ மெரீனாவிலோ உலாவுகிறார்கள், படம் பார்க்கிறார்கள், சிற்றுண்டிச்சாலையில் வயிறார உண்டபின்பு, பணப்பை வீட்டிலே இருக்கிறது என்பதைக் கண்டறிகிறார்கள். படிக்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆயினும், மன்னார் நகரிற் குடித்தனம் நடத்துவோருக்கு இந்தப் பாக்கியங்கள் கிடையா என்று வாசகர்கள் முடிவு செய்துவிடலாகாது. பெருநகரத்து வசதிகள் இல்லாமலே உலாவவும் கொண்டாடவும், வேண்டுமானாற் பணப்பையை மறக்கவும் இங்கே வழியுண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

'நாம்' என்று எழுதுவது பத்திரிகை எழுத்தாளரின் வழக்கம். எம்மைப் பொறுத்தவரை அது வழக்கம் மாத்திரமன்று, கணக்கும் அதுவே. நாம் இருவர். ஒருவர் கொழும்பு வெள்ளவத்தையிற் பிறந்து வளர்ந்த பெண். மற்றவர் மன்னார்த் தீவிற் பிறந்து, வேறெங்கும் வளராத ஆண். ஒருவரைத் தனித்துக் குறிப்பிட நேரும்போது 'வெள்ளவத்தையார்' என்றும் 'மன்னாரார்' என்றும் சொல்லுவோம். எழுதுகோலைப் பிடித்திருப்பவர் யாரென்று வாசகர்கள் ஆராய வேண்டியதில்லை. ஒருவர் எழுத, மற்றவர் தோளின்மேலாக எட்டிப் பார்த்துத் திருத்துகிறார்.

எமக்குத் திருமணம் நிகழ்ந்தது 2022ஆம் ஆண்டு ஆவணி மாதம். அந்த ஆண்டை இலங்கையில் யாரும் மறக்கமாட்டார்கள். பெற்றோலுக்கு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மின்சாரமோ தினமும் சில மணி நேரம் விடைபெற்றுச் செல்லும். நுவரெலியாவுக்குத் தேனிலவு செல்வதென்று ஒரு திட்டம் இருந்தது. வாடகை வாகனக்காரர் வண்டி இருப்பதாகவும் எண்ணெய்தான் இல்லையென்றும் பணிவுடன் தெரிவித்தார். ஆகவே தேனிலவுக்கு நாம் மன்னார் நகரைச் சுற்றிப் பார்த்தோம். இருபது நிமிடம் நடந்திருப்போம். பஸ் நிலையம், சந்தை, கடைத்தெரு எல்லாம் கடந்து வீட்டு வாசலை அணுகுகையில் வெள்ளவத்தையார் கேட்டார்:

"இஞ்சேருங்கோ, ரவுணுக்கு எப்ப போவம்?"

"இவ்வளவு நேரமும் ரவுணுக்குள்ளதான் நடந்தனாங்கள்," என்றார் மன்னாரார்.

அன்று மாலை வெள்ளவத்தையார் அதிகம் பேசவில்லை.

மறுநாள் நாம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அந்நாளில் அரசாங்கம் கைத்தொலைபேசிக் குறியீட்டின் மூலம் எரிபொருளைப் பங்கிட்டு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல். லீற்றர் 450 ரூபா. எமது பழைய வண்டி லீற்றருக்குச் சுமார் 45 கிலோமீற்றர் ஓடும். ஆக வாரத்துக்கு 180 கிலோமீற்றர். மன்னாராருக்கு வங்காலைப் பக்கத்திலே வேலை. போக்குவரத்து நாளொன்றுக்கு 20 கிலோமீற்றராக, ஐந்து நாளைக்கு 100. எஞ்சுவது 80. கொழும்பு அந்த எண்பதுக்குள் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, மடுவுக்கும் அதை நம்பிப் போய்வர இயலாது. தலைமன்னார் இருந்தது, போய்வர அறுபது. அரிப்பு இருந்தது, போய்வர ஏறத்தாழ எழுபது. இரண்டையும் ஒரே வாரத்திற் பார்க்க முடியாது. இல்லறத்தின் முதற் பாடம் விட்டுக்கொடுத்தல் என்று திருமணத்தன்று பெரியோர் வாழ்த்தினார்கள். அவர்கள் சொன்னது குணத்தைப் பற்றி. எமக்கு அது கிலோமீற்றராக வந்து வாய்த்தது.

பெற்றோலே வேண்டாத இடங்களிலிருந்து நாம் தொடங்கினோம். பள்ளிமுனை வீதியிலே நிற்கும் பெருக்கமரத்தை அறியாதார் மன்னாரில் இலர். ஆபிரிக்காவுக்கு உரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். 1477ஆம் ஆண்டில் நடப்பட்டதென்று ஒரு கணக்கும் வழங்குகிறது. உயரம் ஏழரை மீற்றர்தான். அடிமரத்தின் சுற்றளவோ பத்தொன்பதரை மீற்றர்! மரமென்று சொல்வதினும் யானையொன்று மண்ணுக்குட் பாதி புதைந்து நிற்கிறதென்று சொன்னாற் பொருந்தும். மீற்றர்க் கணக்கு மனத்திற் பதியவில்லை என்று வெள்ளவத்தையார் குறைப்பட்டு, வேறோர் அளவுகோல் கண்டார். ஆறு யார்ச் சேலையொன்று ஏறத்தாழ ஐந்தரை மீற்றர். ஆகவே பெருக்கமரத்துக்கு ஒருமுறை சேலை சுற்ற மூன்றரைச் சேலை வேண்டும். "கொசுவம் வைக்காமல்," என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அவ்வழியாக வந்த மூதாட்டி ஒருவர் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதுசா கலியாணம் முடிச்ச பிள்ளையளோ?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றோம். "பழைய ஆக்கள் இதைச் சுத்திவந்து சேலைக் கணக்குப் பாக்கமாட்டினம், மோனே" என்றார்.

கோட்டைக்கும் நடந்தே போனோம். போர்த்துக்கேயர் 1560இல் எழுப்பியது. 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. மூன்று வல்லரசுகளும் கட்டிக் காத்த மதிலின்மீது இப்போது ஆடுகள் காற்று வாங்குகின்றன. அங்கிருந்து தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் நெடுந்தாம்போதி நன்றாகத் தெரியும். பழைய பாலம் 1990இற் போரில் தகர்ந்தது. இப்போதுள்ள பாலம் 2010இல் திறக்கப்பட்டது. இடையிலிருந்த இருபது ஆண்டுகளும் மன்னாராரின் பிள்ளைப் பருவமும் பள்ளிப் பருவமுமாகும். அவற்றைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை, வெள்ளவத்தையார் கேட்பதுமில்லை. மதிலின்மேல் அமர்ந்து கச்சான் உரித்துத் தின்றோம்.

இனி, கொண்டாட்டங்கள். பெரிய கொண்டாட்டத்துக்குக் கையிற் பணமில்லை. சிறிய கொண்டாட்டத்துக்கோ காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டே காரணங்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எரிவாயு உருளை கிடைத்த நாளை நாம் ஒரு திருநாளாகவே எடுத்தோம். வரிசையில் நின்று பெற்ற உருளையை மன்னாரார் சைக்கிளின் பின்புறத்திற் கயிற்றாற் கட்டி உருட்டிவர, அயலார் வாசலில் வந்து நின்று பார்த்தனர். மணமகளை அழைத்து வந்தபோதுகூட இத்தனை பேர் வரவில்லை என்பது மாமியாரின் கணக்கு. அன்று பாற்சோறு பொங்கி நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். ஓராண்டுக்கு முன்பு யாரேனும் 'உருளைப் பொங்கல்' என்று சொல்லியிருந்தாற் சிரித்திருப்போம்.

இன்னொன்று, வெள்ளவத்தையார் முதன்முறை தனியே நண்டு சமைத்த நாள். மன்னார்ச் சந்தையில் நண்டு உயிரோடுதான் இருக்கும். கொழும்பிலே நண்டென்பது தட்டில் வருவது. பையிலிருந்து அது தானே இறங்கிச் சமையலறைக் கதவின் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்று யாரும் அவருக்குச் சொல்லிவைக்கவில்லை. அரைமணி நேரம் நடைபெற்ற அந்தப் போரில் வெள்ளவத்தையார் ஒரு கதிரையின்மேல் நின்றார். மன்னாரார் மற்றொரு கதிரையின்மேல் நின்றார். தீவிற் பிறந்தவர் ஏன் கதிரையில் ஏறினார் என்பதற்கு இன்றளவும் தக்க விளக்கம் கிடைக்கவில்லை. இறுதியில் மாமியார் வந்தார். ஒரு கையால் நண்டைப் பிடித்து, மறு கையால் மருமகளுக்கு அகப்பையைக் கொடுத்தார். "பிள்ளை, முருங்கையிலையைக் கடைசியில போடு, மிளகைக் குறைக்காத," என்ற இரண்டு கட்டளைகளோடு வெளியே சென்றுவிட்டார். கறி நன்றாகவே அமைந்தது. அன்றும் கொண்டாடினோம்.

மின்சாரம் நிற்கும் இரவுகளில் முற்றத்திற் பாய் விரித்து அமர்வோம். தீவின் தென்கரையிலே 'தம்பபவனி' என்னும் காற்றாலைத் தொகுதி உண்டு. 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் திறந்தார்கள். 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற்று. எமது காற்றிலே பிறக்கும் மின்சாரம் நாடெங்கும் பரந்து சென்றுவிட, எமது வீட்டிலே விளக்கில்லாமல் அமர்ந்திருப்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறதென்று மன்னாரார் கருதினார். வெள்ளவத்தையார் அதில் நகைச்சுவை எதனையும் காணவில்லை. அவருக்கு நுளம்புகளே தெரிந்தன.

இப்படியிருக்கையில் 2023 தை மாதம் ஒரு கடிதம் வந்தது. கட்டாரில் ஒரு விடுதியிலே கணக்கெழுதும் வேலை, இரண்டாண்டு ஒப்பந்தம், ஒருவருக்கு மாத்திரம் இடம். உறவினர் ஒருவர் முயன்று பெற்றுத்தந்தது. இங்கு எடுக்கும் சம்பளத்தைப் போல ஐந்து மடங்கு. அந்நாளில் இலங்கையில் வெளிநாடு செல்ல விரும்பாத இளைஞரைக் காண்பது அரிதாயிருந்தது. 2022இல் மாத்திரம் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. நாமும் எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டு கடவுச்சீட்டுகள் எடுத்து வைத்திருந்தோம். எமது வீட்டின் கூரை முந்தின மாரியிலே மூன்று இடங்களில் ஒழுகியது. மாமியாரின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்பது கிலோமீற்றரையும் எடுத்துக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்டோம்.

நேரான வழி. எருக்கலம்பிட்டித் திருப்பம், தோட்டவெளி, பேசாலை என்று ஊர்கள் வரும். இருமருங்கும் பனைகள் நிற்கும். இடப்புறத்தே காற்றாலைகள் கைவீசும். தலைமன்னாரை அடைந்ததும் நிலம் முடிந்துபோகும். அங்கே பழைய இறங்குதுறையின் எச்சம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அப்பால் தனுஷ்கோடி, இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்க் கடல். இராமர் அணையென்றும் ஆதாம் பாலமென்றும் வழங்கும் மணற்றிட்டுகள் அக்கடலிலே வரிசையாகக் கிடக்கின்றன.

எமது பாட்டன் பாட்டிமாருக்கு இந்த இடமே ஊருக்கு வாசல். 1914இல் தொடங்கிய 'போட் மெயில்' சேவையில் எழும்பூரிற் புகையிரதம் ஏறுவோர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னார்த் துறையில் இறங்கி, மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்பு கோட்டைக்குச் செல்வார்கள். இர்வின், கோஷன் என்னும் நீராவிக் கப்பல்களைப் பற்றி முதியோர் இன்றும் உறவினரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவர். கூறைச்சேலை எடுக்க அக்கரைக்குப் போய்வந்த குடும்பங்கள் பல. 1964 டிசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகையிரதமொன்றைக் கடல் கொண்டது. அந்த இரவிலே திரையுலகத் தம்பதியரான ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இராமேசுவரத்திலே தங்கியிருந்தனர் என்பது பழைய தலைமுறையின் விருப்பமான செய்தி. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களிற் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. 1990இல் இப்பக்கத்துப் புகையிரதமும் நின்று, 2015இல்தான் மீண்டும் தலைமன்னார்த் துறை வரை ஓடலாயிற்று. கப்பல் மாத்திரம் திரும்பவில்லை.

மணலில் அமர்ந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றை உண்ணுகையில், அதற்கு முந்திய ஆண்டுப் பங்குனி மாதச் செய்தியொன்று எம் இருவருக்கும் நினைவில் வந்தது. 2022 மார்ச் 22ஆந் திகதி, இலங்கையிலிருந்து படகேறிய அறுவர் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணற்றிட்டொன்றில் இறக்கிவிடப்பட்டு, உணவும் நிழலுமின்றித் தவித்திருக்கையில் இந்தியக் கரையோரக் காவற் படையினர் அவர்களை மீட்டனர். அவர்களுள் கைக்குழந்தையுடன் ஓர் இளம் தம்பதியும் இருந்தனர். எமது வயதுதான் இருக்கும். விலைவாசியைத் தாங்க இயலாமற் புறப்பட்டார்கள். பகல் வெயிலிலே அந்தத் திட்டின் மணல் எப்படிச் சுட்டிருக்கும் என்பதை, செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பார்த்தே அறிந்தோம். எமக்கு வாரம் நாலு லீற்றரும், ஒழுகினாலும் ஒரு கூரையும் இருந்தன. கட்டார்க் கடிதத்தைப் பற்றி அன்று நாம் ஒன்றும் பேசவில்லை. பேசாலையிற் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மாசி மாதம் முழுவதும் வங்காலைப் பக்கத்து நீர்ப்பரப்பிற் பூநாரைகள் நின்றன. 2008இற் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலக ஈரநிலப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இடமது. ஒவ்வொரு மாரியிலும் பறவைகள் நெடுந்தூரம் கடந்து இங்கே வருகின்றன. வேலைக்குச் செல்லும் வழியிலே இருந்தமையால் அவற்றைப் பார்க்கப் பெற்றோல் செலவில்லை. வெள்ளவத்தையார் ஒரு நாள் தாமும் உடன்வந்து, அவை ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "வரிசையில நிண்டு பழகினதுகள் போல," என்றார்.

பங்குனியிற் கட்டாரிலிருந்து நினைவூட்டற் கடிதம் வந்தது. இரண்டு வாரத்திற் பதில் தேவை. அந்த ஞாயிற்றுக்கிழமை அரிப்புக்குப் போனோம்.

அரிப்பிலே கடலோரத்து மண்மேட்டின் விளிம்பில் ஒரு மாளிகையின் சுவர்கள் நிற்கின்றன. பிரித்தானிய ஆட்சியின் முதல் தேசாதிபதியான பிரெட்ரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டியது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென்று எழுந்த வீடு. கிரேக்கப் பாணித் தூண்கள் உடையதாகையால் ஆங்கிலேயர் 'டொரிக்' என்றனர். எமது மக்களோ அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். ஆண்களை அணுகவிடாது ஆண்ட அல்லியரசாணியின் கதை இக்கரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அலை ஆண்டுதோறும் மேட்டைக் கரைத்துச் செல்ல, சுவர்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் விழுகின்றன. அல்லி அருச்சுனனை மணந்தாள் என்பதை மன்னாரார் எடுத்துக் காட்டினார். அது அவன் செய்த சூழ்ச்சியினால் என்பதை வெள்ளவத்தையார் எடுத்துக் காட்டினார்.

இந்தக் கடலின் முத்துக்காக உலகமே ஒரு காலத்தில் இங்கே கூடியது. பாரிசில் 1863இல் அரங்கேறிய, பிஸே என்னும் இசைப்புலவரின் 'முத்துக்குளிப்போர்' இசைநாடகத்துக்கும் இலங்கைதான் களம். 1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பை மேற்பார்க்க அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தருள் ஒருவர் லெனாட் வூல்ப். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்றவர். வெறுங் கடற்கரையில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். சில வாரங்களில் மறையும். குளித்தெடுத்த சிப்பியில் இரு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. குளித்தவர்களுள் தமிழகக் கரையினர் இருந்தனர். அவர்களோடு பாரசீக வளைகுடாவிலிருந்து கடல் கடந்து வந்த அரபியரும் இருந்தனர்.

இதனை மன்னாரார் சொல்லி முடித்ததும் வெள்ளவத்தையார் சிறிது நேரம் கடலைப் பார்த்திருந்தார்.

"அப்ப, அந்தக் காலத்தில அவையள் எங்கட கடலுக்கு வேலைக்கு வந்தவையள்."

"ஓம்."

"பெண்சாதிமாரைக் கூட்டிக்கொண்டு வந்தவையளோ?"

வூல்ப் அதைப் பற்றி எழுதியதாக மன்னாராருக்கு நினைவில்லை. கைக்குட்டையை விரித்து, அதன்மேல் ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்தில் இருவரும் கணக்கெழுதினோம். இரண்டாண்டுச் சம்பளம், அதில் முகவருக்குக் கொடுப்பது, பயணச் செலவு, அங்கே உணவு, மிஞ்சுவதிற் கூரை, கண் சத்திரசிகிச்சை, ஒரு சிறு சேமிப்பு. கணக்கு நன்றாகத்தான் வந்தது. போவதே சரி என்று காகிதம் சொல்லியது. மன்னாராரும் போகலாமென்றே சொன்னார். வெள்ளவத்தையார் காகிதத்தை நாலாக மடித்தார்.

"கண்ணுக்கு அரசாங்க ஆசுப்பத்திரியில துண்டு போட்டிருக்கு, திகதி வரும். கூரை ரெண்டு வருசம் பொறுக்கும். நான் பொறுக்கமாட்டன்."

பதிற் கடிதத்தை அன்றிரவே எழுதினோம். போனவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எமது அயல்வீட்டுத் தம்பி அதே ஆண்டு வளைகுடாவுக்குப் போனான். அவன் அனுப்பும் பணத்திலே தங்கைமார் இருவர் படிக்கிறார்கள், அவர்களுடைய கூரை ஒழுகுவதில்லை. எமது கூரை இப்போது நாலு இடத்தில் ஒழுகுகிறது. மாமியாரின் கண்ணுக்குத் திகதி வர எட்டு மாதமாயிற்று. வந்தபின் நன்றாகவே பார்க்கிறார், சமையலறையிலே தூசி இருப்பதையும் சேர்த்து.

அந்த ஆண்டு ஆவணியிலே முதலாம் ஆண்டு நிறைவு வந்தது. இதற்கென்று மூன்று மாதம் சில்லறை சேர்த்து, கடைத்தெருவில் ஒரு கிலோ வெண்ணெய்க் கேக் சொல்லி வைத்திருந்தோம். ரோசாப்பூவும் எமது பெயர்களும் அதன்மேல் எழுதப்பட்டிருந்தன. பெட்டியை மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிட்டு, மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குள் நுழைந்தோம். இரண்டு நிமிடந்தான். மன்னாருக்கு வந்து போனவர்கள் அனைவரும் இங்குள்ள கழுதைகளை அறிவர். அரபு வணிகர் காலத்தில் வந்தவையென்று சொல்லப்படும் இவை, இன்று உரிமையாளரின்றி, வீதி நடுவே நின்று, பஸ் வண்டிக்கும் வழிவிடாமல் வாழ்கின்றன. நாம் வெளியே வந்தபோது அவற்றுள் ஒன்று பெட்டியின் மூடியைத் திறந்து, ரோசாப்பூவையும் மன்னாராரின் பெயரையும் முடித்துவிட்டு, வெள்ளவத்தையாரின் பெயருக்கு வந்திருந்தது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. தேநீர்க் கடைக்காரர் ஓடிவந்து விரட்டினார். கழுதை அவசரப்படவில்லை. "நல்ல கேக் போல," என்றார் ஒருவர். வெள்ளவத்தையார் அழப்போகிறார் என்று மன்னாரார் அஞ்சினார். அவரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்த மாட்டாமல், வண்டியின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறுதியில் எஞ்சிய பாதியை அதற்கே விட்டுவிட்டு, எதிர்க் கடையிற் கொத்து ரொட்டி உண்டோம். அப்போதுதான் தெரிந்தது, பணப்பை வீட்டிலே இருந்தது. மெழுகுவர்த்திக்குக் கொடுத்தது சட்டைப்பைச் சில்லறை. கடைக்காரர் கேக்கின் கதையைக் கேட்டறிந்தவராதலால், "நாளைக்குத் தாங்கோ தம்பி," என்று சொல்லி, மேலும் ஒரு பிளேன் ரீயும் கொடுத்தார்.

அடுத்த மாதமே, 2023 செப்டெம்பரில், பங்கீட்டு முறை நீக்கப்பட்டது. எவ்வளவு பெற்றோலும் வாங்கலாம்; விலையைக் கொடுக்கக் கூடுமாயின். முதல் வேலையாக விடுமுறை எடுத்துப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையாரின் பெற்றோர் வீட்டில் நாலு நாள் தங்கினோம். காலிமுகத் திடலில் உலாவினோம், இறால் வடை தின்றோம், படமும் பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை, திடலிற் காற்று வாங்கிக்கொண்டிருக்கையில் வெள்ளவத்தையார் கேட்டார்: "இஞ்சேருங்கோ, ரவுணுக்கு எப்ப திரும்பிப் போவம்?"

இப்போது நாம் மூவர். 2024இல் வந்த அந்த மூன்றாமவர் இக்கட்டுரையில் எதையும் எழுதவில்லை. ஒரு பக்கத்தைக் கிழித்தது மாத்திரம் அவர் பங்கு. மோட்டார் சைக்கிளில் மூவர் ஏறலாகாதாகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸிற் போகிறோம். எண்பது கிலோமீற்றர் என்ற எல்லை இப்போது இல்லை. என்றாலும் பழக்கத்தினால் அதற்குள்ளேயே போய்வருகிறோம். மூன்றாம் ஆண்டு நிறைவின்போது கேக் வாங்கித் திரும்புகையில் பஸ்ஸில் ஓர் இருக்கைதான் கிடைத்தது. வெள்ளவத்தையாரின் மடியிற் குழந்தை அமர்ந்தது. கேக் பெட்டியை மன்னாரார் இரு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே, பஸ் நிலையத்துப் பூவரச மரத்தின்கீழ், கழுதைகள் மூன்று நின்று பார்த்துக்கொண்டிருந்தன.